என் நாளில் தமிழ் கிடையாது

உலகத்தில் இரண்டே பேர் பேசிய ஒரு மொழியை நான் உண்டாக்கினேன். அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் மகள். அவள் அதைப் பேசுவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பவன் நான். குளிக்கும்போதும் செருப்பு மாட்டும்போதும் எனக்கு நானே பேசிக்கொள்கிறேன். இதற்குப் பெயர் பைத்தியம் என்று என் மனைவி சொல்கிறாள். அவள் சொன்ன எத்தனையோ விஷயத்துக்கு நான் சண்டை போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் போட்டதில்லை.

நான் கண்டக்டர். நடத்துநர் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், ஆனால் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்தவன். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் டிக்கெட் கேட்பார்கள், பாதிப் பேர் தெலுங்கில் கேட்பார்கள், சில்லறை இல்லை என்றால் இரண்டிலும் திட்டுவார்கள். நானும் இரண்டிலும் திருப்பிக் கொடுப்பேன். எனக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். ஒரு மொழிதான் இருக்க முடியும் என்கிற ஊரில் நான் பிறந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் யவனர்களைப் பற்றி ஒரு பத்தி வரும். கப்பலில் வந்தார்கள், மதுவும் பொன்னும் இறக்கினார்கள், மிளகும் துணியும் ஏற்றினார்கள், காற்று திரும்பியதும் போய்விட்டார்கள். அவ்வளவுதான். எனக்கு அது சரியாகவே படவில்லை. அத்தனை கப்பலில் ஒன்றுகூடவா காற்றைத் தவறவிட்டிருக்காது? ஒருத்தன்கூடவா, போடா, நான் வரவில்லை என்று கரையில் உட்கார்ந்திருக்க மாட்டான்? வாத்தியாரைக் கேட்டேன். பரீட்சையில் வராததைக் கேட்காதே என்றார்.

கேட்க ஆள் இல்லாததால் நானே பதில் எழுத ஆரம்பித்தேன். ஒரு கப்பல் கரையில் மோதி உடைகிறது. நாற்பது பேர் பிழைக்கிறார்கள். வருஷா வருஷம் தாங்கள் வாங்கிப் போகும் துணி எங்கே நெய்யப்படுகிறது என்று பார்க்கலாம் என்று வண்டித் தடத்தைப் பிடித்து மேற்கே நடக்கிறார்கள். நடந்து நடந்து இந்தத் திருத்தணி மலைக்கு வருகிறார்கள். மேலே கையில் வேலோடு ஒரு இளைஞன் நிற்கிறான். இவனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கிறானே என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. தங்கிவிடுகிறார்கள். இங்கேயே பெண் எடுக்கிறார்கள், ஏரிக்குக் கீழே நிலம் உழுகிறார்கள். இரண்டாயிரம் வருஷம் போகிறது. இன்றைக்கு அவர்களுக்கும் ஒரு சாதி இருக்கும். அதன் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். சரி, அவர்கள் வீட்டுக்குள் என்ன மொழி பேசிக்கொள்வார்கள்?

அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கிரேக்கம்தான், ஆனால் இரண்டாயிரம் வருஷம் நம் வாயில் புரண்ட கிரேக்கம். சென்னையில் ஒரு பிளாட்பாரப் பழைய புத்தகக் கடையில், பாதிரியார் படிப்புப் படிக்கிறவர்களுக்கான கிரேக்கப் பாடநூல் ஒன்று அட்டை இல்லாமல் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிரேக்கத்தில் தண்ணீருக்கு ஹூதோர். நம் ஆட்கள் வாயில் அந்த ஹகரம் நிற்குமா? உதோரு ஆனது. அப்பா, பத்தேரு. அம்மா, மத்தேரு. வா என்பதற்கு எர்க்கு. வார்த்தையின் தொடக்கத்தில் இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு வந்தால் அவற்றுக்கு முன்னே ஒரு உயிரைச் சொருகினேன், ஸ்கூலை இஸ்கூலு ஆக்கியவர்கள்தானே நாம். மொழிக்கு எல்லனி என்று பெயர் வைத்தேன். பதினோரு நீள நோட்டு நிரம்பியது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் விடவில்லை. பஸ்ஸில் வார்த்தை தோன்றினால் தீர்ந்துபோன டிக்கெட் கட்டின் அட்டையில் எழுதி, சட்டைப் பையில் போட்டு, வீட்டுக்கு வந்து நோட்டில் ஏற்றுவேன். தோன்றிய நிமிஷத்தில் எழுதாவிட்டால் பறந்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயம் என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

பெண் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொல்லவில்லை. குடிக்கிறவன் சொல்வானா? கனகம்மாசத்திரத்துப் பெண், தமிழ் வீடு, நேராகப் பேசுகிறவள். கல்யாணமான மூன்றாம் மாதம் பீரோவில் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது இன்னாங்க, ஜாதகமா?" என்று கேட்டாள். சொன்னேன். நோட்டைத் திரும்ப பீரோவில் வைத்தாள். அப்புறம், "சீட்டு ஆடறதுக்கு இது பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். முதல் நாளே அவள் காதருகே குனிந்து எல்லனியில் பேசினேன். உலகத்தில் வேறு யாரும் அந்த வார்த்தைகளைக் குழந்தைக்குச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கியது. மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

என் கணக்கு இதுதான். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். டீச்சர் பேசியது ஒன்றும் புரியாது. ஒரே மழைக்காலம், தெருவிலேயே தமிழைப் பிடித்துக்கொண்டேன், யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். ஆகவே வீட்டில் எதைப் பேசினாலும் தமிழ் தானாக வந்து சேரும், அது காற்று மாதிரி. இந்த எல்லையில் பிறந்தவனுக்கு வரக்கூடிய திமிர் இது. ஒரே மொழி பேசும் ஊர்க்காரனுக்கு இப்படி ஒரு யோசனை கனவிலும் வராது.

நாங்கள் திருத்தணியில் மலையடிவாரத்தில் குடியிருந்தோம். மனைவி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் கம்பெனி வேனில் போனால் இருட்டித்தான் வருவாள். எனக்கு ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. டூட்டி நாளில் குழந்தை பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பாள், தமிழில் வாயாடுவாள். ஓய்வு நாளில் என்னோடு. அது என் நாள். என் நாளில் தமிழ் கிடையாது.

கிடையாது என்றால் அடிப்பேனா, திட்டுவேனா? இல்லை. கை நீட்டியதே இல்லை என்று இத்தனை வருஷமாகப் பெருமை பேசியிருக்கிறேன். நான் செய்தது வேறு. அவள் தமிழில் பேசினால் எனக்குக் காது கேட்காது. "அப்பா, தண்ணி" என்பாள். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். நிஜமாகவே படிக்கிறேன் என்று அவள் நம்புவதற்காக ஒரு பக்கத்தைத் திருப்புவேன். வந்து லுங்கியைப் பிடித்து இழுப்பாள். திரும்ப மாட்டேன். நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்தேரு, உதோரு" என்பாள். அடுத்த நொடி பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து, அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவருவேன். அவளும் சிரிப்பாள். விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் படியில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். நாலு வயது. ரத்தம் வழிகிறது. "அப்பா, வலிக்குது" என்று ஓலம். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் மொழி போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அழுகையை நடுவில் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். வலிக்கு எல்லனியில் என்ன என்று தேடினாள். கண்டுபிடித்துச் சொன்னாள். அப்புறம்தான் நான் திரும்பினேன், அணைத்துக்கொண்டேன், மருந்து போட்டேன். அன்று ராத்திரி நோட்டில் எழுதி வைத்தேன், அவசரத்திலும் சரியான சொல்லைப் பயன்படுத்தினாள் என்று. அந்தப் பக்கம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

அவளுக்கு ஐந்து வயதானபோது ஆடிக் கிருத்திகை வந்தது. கிருத்திகைக்கு டிப்போவில் யாருக்கும் லீவு கிடைக்காது. முந்தின வாரம் முழுக்க மற்றவர்கள் டூட்டியையும் சேர்த்துப் பார்த்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கினேன். மனைவிக்குக் கம்பெனியில் விடவில்லை. ஆகவே நானும் மகளும் மட்டும் மலைக்குப் போனோம். புது மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். மலை முழுக்கவே மஞ்சள்தான், காவடி எடுக்கிறவர்கள், பார்க்க வந்தவர்கள், பிள்ளைகள், எல்லாருமே. தெருவில் இறங்கும்போதே அவளிடம் எல்லனியில் சொன்னேன், இன்றைக்கு யார் நாள் தெரியுமா என்று. அவளும் எல்லனியிலேயே பதில் சொன்னாள், உன் நாள் என்று.

படியில் ஏறி, மேலே கூட்டத்தில் நசுங்கி, தரிசனம் முடித்து இறங்கிக்கொண்டிருந்தோம். பம்பையும் உடுக்கையும் அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் பூக்காவடிகளோடு எதிரே ஏறிவந்தது. அரோகரா என்கிற சத்தத்தில் காது அடைத்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. காவடிக்கு எல்லனியில் வார்த்தையே இல்லை. இத்தனை வருஷம் இந்த மலையடியில் வாழ்ந்த ஜனம் காவடியை என்னவென்று சொல்லியிருக்கும்? தோளுக்கு ஓமு. சுமப்பதைச் சேர்த்தால் ஓமுபோரி. எவ்வளவு பொருத்தமாக வந்து உட்கார்ந்தது! எழுதாவிட்டால் பறந்துவிடும். மகளின் கையை விட்டேன். சட்டைப் பையிலிருந்து டிக்கெட் அட்டையையும் பேனாவையும் எடுத்தேன். எழுதினேன். நாலு எழுத்து. நிமிர்ந்தபோது அவள் இல்லை.

கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். யாரும் பிரிக்கவில்லை.

கத்திக்கொண்டே நாலைந்து வளைவு இறங்கினேன், ஏறினேன். அப்புறம் மலை மேலே இருந்த அறிவிப்பு மேடைக்கு ஓடினேன். மைக்கில் இருந்தவர் பெயர், வயது, உடுப்பு எல்லாம் எழுதிக்கொண்டார். "கொழந்த இன்னா பாஷ பேசும்?" என்று கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்ததால் எல்லாரிடமும் அதைக் கேட்டார். பக்கத்தில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பதினோரு நோட்டு எழுதியவனுக்கு அந்த இடத்தில் வெட்கம் வந்துவிட்டது. "தமிழ்தாங்க. உள்ளூரு" என்றேன். அப்படியே அறிவித்தார், தமிழ் பேசும் உள்ளூர்க் குழந்தை என்று.

திரும்பப் படியில் இறங்கித் தேடினேன். அடிவாரத்தில் ஒரு சேவைக் குழு பந்தல் போட்டிருந்தது. அவர்களுக்குத் தனி மைக், படியிலிருந்து குளம் வரைக்கும் குழாய் ஸ்பீக்கர். அதில் ஒரு அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தது. வடநாட்டைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை இங்கே இருக்கிறது, தமிழும் தெரியவில்லை, தெலுங்கும் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும். அதையே தெலுங்கிலும் சொன்னார்கள். யாரையோ பிடித்து உடைந்த இந்தியிலும் சொல்லவைத்தார்கள். நான் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன். பக்கத்தில் என்னோடு இறங்கிய ஒரு பெரியவரிடம், "எந்தக் கேடுகெட்ட அப்பனோ, பாஷ தெரியாத ஊர்ல கொழந்தைய உட்டுட்டுப் போயிருக்கான்" என்று சொன்னேன். அவரும் ஆங், ஆங் என்று தலையாட்டினார். சொல்லிவிட்டு என் தமிழ்க் குழந்தையைத் தேடிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினேன்.

மத்தியானம் தாண்டியது. குளம், கடைத்தெரு, பஸ் நிற்கும் இடம் எல்லாம் பார்த்துவிட்டேன். சட்டை நனைந்து உடம்பில் ஒட்டியிருந்தது. குளத்துப் படியில் நின்று தண்ணீரைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன். அப்போது பந்தலில் யாருக்கோ புத்தி வந்து, மைக்கைக் குழந்தையின் வாயருகே வைத்திருக்கிறார்கள்.

"பத்தேரு, எர்க்கு. பத்தேரு, எர்க்கு."

ஊர் முழுக்க, மலை முழுக்க, அத்தனை ஸ்பீக்கரிலும் அது கேட்டது. அப்பா, வா. நான் ஓடினேன், உடனே ஓடினேன். ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்குச் சந்தோஷம் வந்தது. எல்லனி இந்த ஊரில் ஒலிக்கிறது என்று. இவ்வளவு சத்தமாக, இவ்வளவு சுத்தமாக என்று. இதை நான் இதுவரை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. அந்த நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம், அப்படியும் அது போகாது.

பந்தலில் ஒரு நாற்காலியில் அவளைத் துண்டு சுற்றி உட்காரவைத்திருந்தார்கள். மஞ்சள் கவுன் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. பந்தலில் இருந்த அம்மா சொன்னார், "பாவம் சார், ஏதோ சொல்லி சொல்லி அழுதுகினே இருந்துது. எங்களுக்கு ஒண்ணும் புரியல. உக்காந்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுச்சி." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா?" என்று கேட்டார். நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். வழியில் எல்லனியில் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மனைவி வந்ததும், ஸ்பீக்கரில் கேட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். "இனிமே அந்தப் பேய் பாஷ ஒரு வார்த்த என் பொண்ணு காதுல உழுந்துச்சு, அன்னிக்கே அவளத் தூக்கினு சத்திரத்துக்கு, எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். நீ உன் நோட்டோட குடும்பம் நடத்து" என்றாள். அதுவரை என்னை அவள் நீ என்று சொன்னதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான், தப்பு செய்தவனுக்கு முதலில் அதுதான் வரும். குழந்தைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், பக்கத்து வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், அங்கே பேசியிருக்கலாமே, பிடிவாதம், உன்னை மாதிரியே பிடிவாதம் என்று மனைவியிடம் சொன்னேன். பயத்தில் மறந்திருக்கும் என்று அவள் சொன்னாள். பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் இந்த இரண்டு கட்சிதான். பயம் என்று அவள், பிடிவாதம் என்று நான்.

மகள் அன்றோடு நிறுத்திவிட்டாள். அம்மா தடுத்ததால் இல்லை, அம்மா வீட்டில் இல்லாத நேரத்திலும்தான். என் ஓய்வு நாளில் மெதுவாக ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்பேன். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். அப்பா என்று மட்டும் கூப்பிட்டாள், அதுவும் தேவைக்கு. பள்ளிக்கூடத்தில் தமிழில் எப்போதும் அவள்தான் முதல் மார்க். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடும்போது எனக்கு வயிறு எரியும். மனைவிதான் அவள் மனதைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, ஒரே வீட்டில், ஒரே தட்டில் போட்ட முறுக்கைத் தின்றுகொண்டு, அவள்மேல் வன்மம் வைத்திருந்தேன்.

அப்புறம் கைக்குப் போன் வந்தது, நெட் வந்தது. மொழி செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நான் மட்டும் இல்லை என்று. இல்லாத தீவுக்கு, இல்லாத ராஜ்யத்துக்கு, நடக்காத சரித்திரத்துக்கு எல்லாம் மொழி செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லனியைப் பற்றி எழுதினேன். கொண்டாடினார்கள். என் மகள் சின்ன வயதில் அதைப் பேசினாள் என்று சொன்னதும் இன்னும் கொண்டாடினார்கள். அவர்களில் யாருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இப்போதும் பேசுகிறாளா என்று ஒருவர் கேட்டார். நான் ஆமாம் என்று எழுதினேன். மலை மேலே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இந்த வருஷம் அவர்கள் கேட்டார்கள், உங்கள் மகள் குரலில் பத்து வாக்கியம் பதிவு செய்து அனுப்புங்களேன், எல்லாரும் கேட்கவேண்டும் என்று.

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பத்து வாக்கியம். அவள் குரலில் ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்காக எதையும் கொடுத்திருப்பேன் என்று தோன்றியது, அதை அவர்களுக்கு அனுப்பாவிட்டாலும்கூடப் பரவாயில்லை.

மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் கிருத்திகைக்கு வந்தாள். அழுக்குத் துணி மூட்டையோடு ரயிலில் வந்து இறங்கினாள், அம்மாவோடு சிரித்தாள், சாப்பிட்டாள். மனைவி மாடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, ஹாலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுத்தமாகத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன். மலை தூரத்தில் இருக்கிறது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, எங்கள் முன்னோர் கப்பலில் வந்தார்கள், இப்படிப் பத்து வாக்கியம். "ரெண்டு நிமிஷ வேலம்மா. படிச்சா போதும், போன்ல எடுத்துக்கறேன்" என்றேன்.

தாளை வாங்கினாள். கண் வரிவரியாக இறங்கியது. அர்த்தம் தேடித் தடுமாறுகிற கண் இல்லை அது. அவளுக்கு எல்லாம் புரிந்தது. பதினைந்து வருஷம் கழித்தும் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தாள். பத்தேரு, எர்க்கு.

"இத ஏன் எழுதன?" என்றாள்.

"அது சின்னதா, சுலபமா இருக்குதுன்னு" என்றேன். சத்தியமாக அதற்குத்தான் எழுதினேன். வேறு எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் நான்.

தாளை மடித்து டீப்பாயில் வைத்தாள். குரலை உயர்த்தாமல், யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அம்மா நான் பயத்துல மறந்துட்டேன்னு சொல்லினு இருக்காங்க. நீ பிடிவாதம்னு சொல்லினு இருக்க. ரெண்டும் இல்ல. அந்தப் பந்தல்ல இருந்த அம்மா, உன் பேரு இன்னா கண்ணுன்னு தமிழ்லதான் கேட்டாங்கோ. எனக்குப் புரிஞ்சுது. உங்க அப்பா இன்னா வேலம்மான்னு கேட்டாங்கோ, அதுவும் புரிஞ்சுது. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்ல எனக்குத் தமிழ் தெரியாதா? ஆனா அன்னிக்கு உன் நாளு. உன் நாள்ல தமிழ் பேசனா உனக்குக் காது கேக்காது. தமிழ் பேசிட்டா நீ என்னத் தேடி வரவே மாட்டேன்னு நெனச்சேன். அதான் பல்லக் கடிச்சினு உக்காந்திருந்தேன். ஈரத்துல."

பிறகு ஒன்று சொன்னாள். "நீ கைய உட்டதும் எனக்குத் தெரியும். எழுதிகினு இருந்த."

வெளியே ஸ்பீக்கரில் காவடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அத்தனை மணிநேரம் எனக்காகக் காத்திருந்த விதத்தை, நான் பதினைந்து வருஷம் பிடிவாதம் என்று சொல்லியிருக்கிறேன். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அவள் அதை நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

அவள் போனை எடுத்தாள். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எதையோ படிக்க ஆரம்பித்தாள்.

சத்தம் போதவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் கட்டைவிரலால் திரையை மேலே தள்ளினாள், அடுத்த பக்கத்துக்குப் போனாள். அவளுக்குக் கேட்டது. நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தபோது எனக்கும் எல்லாம் கேட்டது.